நாரி நோவும் நாற்பத்தாறு படிகளும்



கண்டி நகரத்திலே சமதரை என்று சொல்லத்தக்க இடங்களை ஒருவர் தம் கைவிரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். ஏரியைச் சுற்றிய பாதை ஒன்று. பேராதனைப் பூங்காவிலே அரசப்பனைகள் இருமருங்கும் அணிவகுத்து நிற்கும் வீதி மற்றொன்று. புகையிரத நிலையத்து மேடையையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். ஏனையவை யாவும் ஏற்றம், அல்லது இறக்கம். கடைக்குப் போனாலும் படி. கோயிலுக்குப் போனாலும் படி. முழங்கால் நோகிறது என்று வைத்தியரைத் தேடிப் போனாலோ அவர் மேல்மாடியிலே வீற்றிருப்பார். இளமையில் இவையெல்லாம் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஐம்பதைக் கடந்த பின்னர் இந்த ஊரின் பூமிசாத்திரம் முழுவதையும் முழங்கால் மனப்பாடம் செய்துகொள்கிறது.

நான் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர். பாடசாலை நகரத்துக்குச் சற்று அப்பால் ஒரு மலைச்சரிவிலே அமைந்தது. பெருந்தெருவிலிருந்து என் காரியாலயத்துக்கு 46 படிகள். பதினொரு வருடங்களுக்கு முன் பொறுப்பேற்றபோது அவற்றை நான் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கியது ஐந்து வருடங்களுக்கு முன்புதான். அந்த ஐந்து வருடங்களிலே முதுகும் முழங்காலும் எனக்குக் கற்பித்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன். நான் வைத்தியன் அல்லன், கலைப்பட்டதாரி. ஆகவே மருந்துச்சீட்டு எழுத மாட்டேன். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரே நிலையிலே பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் அமர்ந்திருக்க இயலாது. இடையிலே ஏதேனும் முனகல் உங்கள் காதுக்கு எட்டினால், அது இந்த ஒலிபரப்புக் கூடத்துக் கதிரையின் ஓசை என்று பெருந்தன்மையோடு எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த நோவுக்கு எங்கள் நாட்டிலே பெயர்கள் பல. யாழ்ப்பாணத்து நண்பர்கள் நாரி நோவு என்பார்கள். நாரி என்றால் பெண் என்று இலக்கியத்திலே மட்டும் படித்திருந்த எனக்கு, பல்கலைக்கழக விடுதியிலே ஒரு நண்பர், "நாரி பிடித்துக்கொண்டது, எழும்ப முடியவில்லை" என்று காலை வேளையிலே முனகியபோது உண்டான குழப்பத்தை இங்கே விரித்துரைப்பது முறையாகாது. மலைநாட்டுத் தோட்டப்புறங்களிலே இடுப்புக் கடுப்பு என்றும் முட்டி வலி என்றும் சொல்வார்கள். சிங்கள அயலவர்கள் கொந்தே அமாருவ என்பார்கள். அமாருவ என்ற சொல்லுக்கு நோய் என்றும் பொருள் உண்டு. கஷ்டம் என்றும் பொருள் உண்டு. நாட்பட்ட நோவை அனுபவித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருத்தம் விளங்கும். வலி ஒரு பங்கு. அதனால் வரும் கஷ்டம் மூன்று பங்கு.

என் தாயார் தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறித்தவர். ஜேம்ஸ் டெயிலர் 1867 ஆம் ஆண்டு லூல்கந்துறையிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட வரலாற்றை நாம் பாடப்புத்தகத்திலே படிக்கிறோம். ஹந்தானையிலே 1925 இல் எழுப்பப்பட்ட பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலே இப்போது தேயிலை நூதனசாலை ஒன்று இருக்கிறது. மாணவரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். பெரிய பெரிய யந்திரங்களை எல்லாம் பார்த்து முடித்த பின் ஒரு சிறுமி, "சேர், கொழுந்த மலையிலிருந்து இங்க எப்படிக் கொண்டு வந்தாங்க?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டியாரும் தோட்டத் தொழிலாளியே. ஆயினும் அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நான் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கூடையின் கயிறு உச்சந்தலையிலே தங்கும்; அதன் கீழே மடித்த துணி. இடுப்பிலே படங்கு. கைகள் முன்னே கொழுந்திலே, பாரம் பின்னே முதுகிலே, பாதங்கள் சரிவிலே. கழுத்தும் இடுப்பும் முழங்காலும் ஒரே பாரத்துக்கு மூன்று விதமாக ஈடுகொடுக்க வேண்டும். ஒரு நாளிலே பறிக்கவேண்டிய நிறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ என்பது பலரும் அறிந்த கணக்கு. மழைநாளிலே கொழுந்தோடு தண்ணீரின் பாரமும் சேர்ந்துகொள்ளும். நிறுவையிலே அந்தத் தண்ணீருக்காகக் கழித்துவிடுவார்கள். முதுகிலே அது கழிக்கப்படுவதில்லை. பல தோட்டங்களிலே இப்போது மூங்கிற் கூடைக்குப் பதிலாகப் பைகள் வந்துவிட்டன. சரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

இரவிலே சமையல் முடிந்து, பாத்திரங்கள் கழுவி, விளக்கைத் தணித்த பின்பு, லயத்துக் காம்பராவின் நடுவிலே அம்மா குப்புறப் படுத்துக்கொள்வார். "தம்பி, கொஞ்சம் ஏறி மிதிப்பா" என்பார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகின்மேல் ஏறி நிற்பேன். "இன்னும் கீழே. குதிகாலை வை. அங்கேதான், அங்கேதான்" என்பார். அது எனக்கு ஒரு விளையாட்டு. என் உடற்பாரம் கூடி அது இயலாமற் போனபோது அந்த உத்தியோகம் தம்பிக்குப் போயிற்று. பிற்காலத்திலே பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருநாள், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, "உங்களுக்கு எந்நாளும் இடுப்பு வலிதானே அம்மா" என்று சொன்னேன். கேலியாகச் சொன்னேனா, சலிப்பாகச் சொன்னேனா என்பது நினைவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

என் முறை ஐந்து வருடங்களுக்கு முன்பு வந்தது. பரீட்சை விடைத்தாள் கட்டு ஒன்றைக் குனிந்து எடுத்தேன், நிமிர முடியவில்லை. மூன்று நாட்களிலே சரியாகும் என்றார்கள்; மூன்று மாதங்கள் ஆயின. ஒரு வைத்தியரிடம் சென்றேன். காந்தப் படம் எடுப்பித்தார். அதை வெளிச்சத்திலே பிடித்து, "உங்கள் முள்ளந்தண்டு எழுபது வயதுக்காரருடையது. வட்டுகள் தேய்ந்து பிதுங்கியிருக்கின்றன. இனிக் குனியாதீர்கள், பாரம் தூக்காதீர்கள்" என்றார். அறிக்கை ஒன்றைக் கையிலே வாங்கி அஞ்சி நடுங்குவது எப்படி என்பதை முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். அந்தக் கலையை அன்று நானே பயின்றேன்.

அவர் சொன்னதைச் சிரமேற்கொண்டேன். ஒரு வருடம் குனியவில்லை. இடுப்பிலே அகலமான பட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டேன். மாலை நடையை நிறுத்தினேன். ஒரு புத்தகத்தையும் சிற்றூழியரே எடுத்துத் தரவேண்டியதாயிற்று. உடற்பாரம் 9 கிலோ கூடியது, தொடைத்தசை மெலிந்தது, நோவோ குறையவில்லை. அந்த வருட இறுதியிலே வலது முழங்காலும் முதுகோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. படியேறும்போது நெல் குத்துவது போன்ற ஓர் ஓசை அதிலிருந்து வரும். முன்கூட்டியே இளைப்பாறுவதற்கான விண்ணப்பம் ஒன்றை எழுதி மேசை லாச்சியிலே வைத்துப் பூட்டினேன். திகதி மட்டும் இடவில்லை.

இந்நிலையிலே அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றிலே ஓர் இயன்மருத்துவரைக் கண்டேன். இளம்பெண், சிங்களவர். என் படத்தை அவர் பார்க்கவே இல்லை. "சேர், இந்தக் கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்புங்கள் பார்ப்போம்" என்றார். என்னால் முடியவில்லை. "நீங்கள் பயந்து பயந்து இருந்திருக்கிறீர்கள்" என்றார். படத்தைப் பற்றி நான் வற்புறுத்திக் கேட்டபோது, வீட்டுக்குப் போய்ப் படிக்கும்படி சில ஆராய்ச்சிகளின் பெயர்களை எழுதித் தந்தார். மாணவனாகி வெகுகாலம் ஆகிவிட்டிருந்தபடியால் ஆவலோடு படித்தேன்.

அவற்றுள் ஒன்று 1994 இல் அமெரிக்காவிலே வெளிவந்தது. முதுகிலே எந்த நோவும் இல்லாத 98 பேரைத் தெரிந்தெடுத்து அவர்களுடைய முள்ளந்தண்டைக் காந்தப் படம் எடுத்தார்கள். வட்டுகள் யாவும் குறைபாடின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. பாதிப் பேருக்கு மேல் வட்டுப் பிதுக்கம் இருந்தது. அவர்களுக்கோ ஒரு நோவும் இல்லை! அதாவது, தலை நரைப்பதைப் போல வட்டும் நரைக்கிறது. நரைத்த தலையைக் கண்ணாடியிலே கண்டு ஒருவரும் படுக்கையில் விழுவதில்லை. நரைத்த வட்டைப் படத்திலே கண்ட நான் விழுந்துவிட்டேன்.

படுக்கையைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. திடீர் முதுகு நோவு கண்டவர்களிலே ஒரு பகுதியாரை இரண்டு நாட்களும் மறு பகுதியாரை ஏழு நாட்களும் படுத்திருக்கச் சொல்லி, 1986 இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு நாள் படுத்தவர்களே முன்னதாக வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவகையிலே இரு பகுதியாருக்கும் வேறுபாடு இல்லை. உலக சுகாதார தாபனம் நாட்பட்ட கீழ்முதுகு நோவுக்கான தன் முதலாவது வழிகாட்டியை 2023 டிசெம்பரிலே வெளியிட்டது. நோவைப் பற்றிய தெளிவான விளக்கம், ஒழுங்கான உடற்பயிற்சி, மனத்தை ஆற்றுப்படுத்தும் சிகிச்சை ஆகியவற்றை அது முன்வைக்கிறது. இடுப்புப் பட்டியையும், இழுவைச் சிகிச்சையையும், அபின் இனத்து மருந்துகளையும் வழக்கமாகக் கையாள வேண்டாம் என்கிறது. பட்டியை அவிழ்த்து அலுமாரிக்குள் வைத்தேன். விலை கொடுத்து வாங்கியது. எறிய மனம் வரவில்லை.

2020 ஆம் ஆண்டிலே உலகத்திலே கீழ்முதுகு நோவுடன் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் என்றும், 2050 இலே அது 84.3 கோடியாகும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை பெரிய கூட்டத்திலே ஒருவன் என்பதும் ஓர் ஆறுதலே. ஆனால் அதிகாலை நான்கு மணிக்குப் புரண்டு படுக்க இயலாதபோது அந்த ஆறுதல் அதிக தூரம் வருவதில்லை.

முழங்காலுக்கு வருவோம். எலும்பின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பிலே இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டிலே ஊறும் நீரே அதற்கு ஆகாரம். பாரம் படும்போது கடற்பஞ்சு போல அந்த நீரை வெளிவிட்டு, பாரம் நீங்கும்போது மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலால் அசையாத முழங்கால் பட்டினி கிடக்கிறது. அளவுக்கு மீறிய பாரம் சுமந்த முழங்காலோ நசுங்குகிறது. இரண்டுக்கும் நடுவிலே ஒரு பாதை உண்டு. அது ஆளுக்கு ஆள் வேறுபடுவதாலேயே இத்தனை தொல்லை.

எவ்வளவு பாரம் என்று கேட்பீர்கள். பேர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் செயற்கை முழங்காலுக்குள்ளேயே ஓர் அளவுகருவியை வைத்து, அதைப் பொருத்திக்கொண்ட ஐவரை நடக்கவும் படியேறவும் இறங்கவும் செய்து, 2010 இலே முடிவை வெளியிட்டார்கள். கருவி தன் அளவைக் கம்பியில்லாமல், வானலை வழியே, வெளியே அனுப்பிற்று. என்னைப் போலவே அந்த முழங்கால்களும் ஒலிபரப்பின என்று சொல்லலாம். சமதரையில் நடக்கையில் உடற்பாரத்தைப் போல இரண்டரை மடங்கு. படியேறுகையில் மூன்று மடங்குக்குச் சற்று மேல். படியிறங்குகையில் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஏற்றத்தைவிட இறக்கமே கொடிது என்று தோட்டத்துப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறங்கும்போது தொடையின் முன்தசை தடைக்கட்டையாக நின்று உடலைத் தாங்குகிறது. அந்தத் தசை மெலிந்தவனுக்கு அத்தனை பாரமும் மூட்டிலேயே விழுகிறது.

உடற்பாரத்திலே 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ 4 கிலோ பாரம் குறைகிறது என்று 2005 இலே வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆராய்ச்சி கூறுகிறது. நான் கூட்டிக்கொண்ட 9 கிலோவை நான்கால் பெருக்கி, 46 படிகளால் பெருக்கி, நாளொன்றுக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறேன் என்றும் கணக்கிட்டுப் பார்த்தேன். கணிதம் எனக்கு ஒருபோதும் நண்பனாய் இருந்ததில்லை. அன்று பகைவனாகவே மாறிவிட்டது.

இயன்மருத்துவர் விதித்த பயிற்சி மிகவும் எளியது. கதிரையிலே அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மீண்டும் அமர வேண்டும். முதலில் மூன்று முறை, பின்பு ஐந்து, பின்பு பத்து. வாரத்திலே ஐந்து நாட்கள். நான் கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்துக்குப் போகிறவன். முழங்கால் பழுதான பின்பு பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடும் வழக்கத்தைக் கைவிட்டிருந்தேன். இந்தப் பயிற்சியோ பாதித் தோப்புக்கரணமன்றி வேறில்லை! அடியார்களைக் குந்தி எழும்ப வைக்கும் தெய்வம் தொடைத்தசையின் அருமையை முன்னரே அறிந்திருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். "அப்படியானால் கோயிலிலேயே போட்டிருக்கலாமே, கதிரைக்கு ஏன் போடுகிறீர்கள்?" என்றார் அவர்.

நடப்பதற்கு ஏரிக்கரையைத் தெரிந்துகொண்டேன். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டு வயல்வெளியை மறித்து அந்த ஏரியை அமைத்தான். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் குலத்தவன். அவன் அழகுக்காக அமைத்தானோ, பெருமைக்காக அமைத்தானோ. குடிமக்களை வருத்தி அமைத்தான் என்ற பழியும் அவனுக்கு உண்டு. எதுவாயினும், மலைநகரத்தின் நடுவிலே மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான சமதரை வட்டம் ஒன்று எங்களைப் போன்றோருக்குக் கிடைத்திருக்கிறது. விடியற்காலையிலே அங்கே போனால் கண்டியின் முழங்கால் நோவுக்காரர் பாதிப் பேரைக் காணலாம். ஓய்வுபெற்ற நீதிபதி, கடைமுதலாளி, தாதி, பிக்கு ஒருவர். ஒருவரையொருவர் பெயரால் அறியோம். எந்தக் கால் என்று அறிவோம். முதல்நாள் நான் அணைக்கட்டிலிருந்து குயின்ஸ் ஹோட்டல் மூலைவரை மட்டுமே நடந்தேன். வட்டம் முழுவதையும் சுற்றி வர எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன.

எண்ணெய்களையும் களிம்புகளையும் பற்றிக் கேட்கிறவர்கள் பலர். எங்கள் வீட்டிலே சித்தாலேப உண்டு, கோடாலித் தைலம் உண்டு, நொச்சியிலை வேதும் உப்பு ஒத்தடமும் உண்டு. சூடும் தேய்த்துவிடுதலும் நோவைச் சற்றே தணித்து, நடப்பதற்கு ஒரு துணிவைத் தருகின்றன. அந்தத் துணிவு வந்ததும் எழுந்து நடந்துவிட வேண்டும். நான் மேலே சொன்ன வழிகாட்டியும் பிடித்துவிடுதலை ஒதுக்கிவிடவில்லை. என் தாயார் கேட்டதும் ஒருவகையிலே அதுவே. ஆனால் முதியோரின் எலும்பு மெலிந்திருக்கக்கூடும். பிள்ளைகளை முதுகில் ஏற்றி மிதிக்கச் செய்வதை இப்போது நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முறிவுக்கும் பிசகுக்கும் கண்டிப் பகுதியிலே வழிவழியாக வரும் கெடும் பிந்தும் வைத்தியர்களை நாடுவோரும் உண்டு. அவர்களுடைய கைத்திறனைக் குறைத்துப் பேசேன்.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்வேன். கடையிலே பெயர் சொல்லி வாங்கும் நோவுக் குளிசைகளை மாதக்கணக்கிலே விழுங்குகிறவர்கள் வயிற்றுப்புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் விலைக்கு வாங்குகிறார்கள். சிறுநீரக நோயினாலே வடமத்திய மாகாணம் பட்ட பாட்டைக் கண்ட நாடு இது. உடனடி நிவாரணம் தரும் என்று பொட்டலத்திலே விற்கப்படும் பெயரில்லாப் பொடிகளிலே ஸ்டீராய்டு மருந்து இரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாடுகளிலே பரிசோதனைகள் வெளிப்படுத்தியிருக்கின்றன. முதுகு நோவோடு காய்ச்சலோ, காரணமில்லாத மெலிவோ, காலிலே பலக்குறைவோ, சிறுநீரை அடக்க முடியாமையோ, தொடை நடுவிலே மரத்துப்போதலோ கண்டால், ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சத்திரசிகிச்சையைப் பற்றியும் ஒரு சொல். முழங்காலுக்குள்ளே குழாயைச் செலுத்திக் கழுவிச் சுரண்டிவிடும் முறை ஒன்று ஒருகாலத்திலே எங்கும் பரவியிருந்தது. ஹூஸ்டன் நகரத்திலே 180 பேரைப் பிரித்து, சிலருக்கு அந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளருக்குத் தெரியாது. இரண்டு வருடம் பார்த்தும் வேறுபாடு இல்லை என்று 2002 இலே அறிவித்தார்கள். மூட்டையே மாற்றும் சிகிச்சை வேறு. மூட்டு முற்றிலும் தேய்ந்து, மற்ற வழிகள் யாவும் தோற்றவர்களுக்கு அது நடையை மீட்டுத் தருகிறது. என் நிலை இன்னும் அதற்கு வரவில்லை. வந்தால் அஞ்ச மாட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன், அன்றைக்குக் கேட்டுப்பாருங்கள்.

இவ்வளவையும் செய்த பின்பு நோவு போய்விட்டதா? போகவில்லை. மழைக்காலத்திலே வரும், நீண்ட கூட்டத்துக்குப் பின் வரும், சிலவேளை காரணம் சொல்லாமலும் வரும். ஆனால் வரும்போது நான் படுப்பதில்லை. நடையைக் குறைத்துக்கொள்கிறேன், நிறுத்துவதில்லை. கதிரையிலிருந்து பதினைந்து முறை எழும்புவேன்.

கைத்தடியை ஏற்றுக்கொள்வதே எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. காலைக் கூட்டத்திலே எழுநூறு பிள்ளைகளின் முன் நிமிர்ந்து நிற்பதுதான் அதிபர் என்ற எண்ணம் என்னுள்ளே வேரூன்றியிருந்தது. நோவு கண்ட கால் வலதென்றால் தடி இடக்கையிலே இருக்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. வலக்கையிலே பிடித்து ஊன்றி, எல்லாரும் செய்யும் தவறையே செய்தேன். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில் என்பதையும் அந்த இளம்பெண்ணே சொல்லித் தந்தார். தடியோடு பாடசாலைக்குச் சென்ற முதல்நாள், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறாம் தரத்துப் பையன் ஒருவன் மட்டும், "சேர், எங்க அம்மாயிகிட்டயும் இது இருக்கு, ஆனா அது கவ்வாத்துக் கம்பு" என்றான்.

அவன் சொன்ன அந்த அம்மாயியை நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிலே பலருடைய தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளிலோ கொழும்பிலோ வேலை செய்கிறார்கள். பிள்ளைகளை வளர்ப்பவர்கள் பாட்டிமாரே. முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்து இளைப்பாறியவர்கள். பெற்றோர் கூட்டம் எங்கள் மேல் மண்டபத்திலே, 46 படிகளுக்கு மேலே, நடக்கும். வருகை எப்போதும் குறைவு. அன்று மாலை சம்பவத்திரட்டுப் புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். ஏழு வருடங்களிலே நான்கு முறை, என் கையெழுத்திலேயே, "பெற்றோர், பாதுகாவலரின் அக்கறையின்மை காரணமாக வருகை குறைவு" என்று எழுதியிருந்தேன். அதே காரணத்தை வலயக் காரியாலயத்துக்கும் அறிவித்திருந்தேன். படிகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்த அந்த மாலை நினைவுக்கு வந்தது.

அடுத்த கூட்டத்தைப் பெருந்தெருவோரமாகக் கீழே இருக்கும் ஆரம்பப்பிரிவு வகுப்பறையிலே வைத்தேன். இருபத்திரண்டாம் படியிலே, மேலே வரவேண்டியவர்களுக்காக, சாய்வோடு கூடிய வாங்கு ஒன்றையும் போடுவித்தேன். கூட்டத்தன்று நான் அந்த வாங்கிலே அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு முதியவர் கீழே வகுப்பறை வாசலிலே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஐயாவுக்கும் முட்டியா?" என்றார். ஆம் என்றேன். "எறங்குறதுதான் பொல்லாதது. பக்கவாட்டுல திரும்பி எறங்குங்க" என்றார். அவர் சொன்னபடியே இறங்கினேன்.

அன்று வந்தவர்கள் 83 பேர். கதிரைகள் போதவில்லை. ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகள் மேல் மண்டபத்திலிருந்து வாங்குகளைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். விண்ணப்பம் இன்னும் லாச்சியிலேதான் இருக்கிறது. அதன் பின்பக்கத்திலே, அடுத்த கூட்டத்துக்கு எத்தனை கதிரை வேண்டும் என்று கணக்கு எழுதியிருக்கிறேன்.